ஆர்விட் கெட்டோலாவின் ஒப்புதல்

தன் நிரலின் நாற்பத்தோராவது வரியை டேல் இரண்டாம் தடவை வாசித்துக்கொண்டிருந்தபோது, போர்வைக்கு வெளியே கிடந்த கையில் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார் ஆர்விட். நிறுத்து என்று பொருள். டேல் நிறுத்தினான். மடிக்கணினியைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, கிண்ணத்து நீரில் ஊறிக்கிடந்த பஞ்சுக்குச்சியை எடுத்து அண்ணனின் உதடுகளைத் துடைத்தான். ஆர்விட் அதைப் பல்லால் கவ்விச் சப்பினார். இனி அவருக்குள் இறங்கக்கூடியது அவ்வளவுதான்.

"எது முதல்ல?" என்றார்.

"எது எது?"

"கூட்டுறதா, எடுக்கிறதா?"

"கூட்டுறது. அதுக்கப்புறம்தான் பட்டியல்லேர்ந்து எடுக்கிறேன்."

ஆர்விட் கண்ணை மூடிக்கொண்டார். யோசிக்கிறாரா தூங்கிவிட்டாரா என்பது ஒரு வாரமாக யாருக்கும் தெரிவதில்லை. டேல் காத்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே தெருவைச் சுரண்டியபடி பனி வாரும் வண்டி போனது. அதற்கப்பால் சரிவின் அடியில் ஏரி கரைவரைக்கும் உறைந்து, வானத்தின் நிறத்திலேயே கிடந்தது.

இந்த உலகத்துக் கணினிகளில் பெரும்பாதியின் அடியில் கர்னல் என்ற ஒன்று ஓடுகிறது. மற்ற நிரல்களைப் பிறக்கவைப்பது, ஓடவிடுவது, முடித்துவைப்பது எல்லாம் அதன் வேலை. பல நாடுகளில் பல்லாயிரம் பேர் கடிதத்திலேயே பேசிக்கொண்டு அதை எழுதுகிறார்கள். அதில் எண்ணூறு வரிகளுக்கு ஆர்விட் கெட்டோலா பொறுப்பு. இருபத்திரண்டு வருடமாக. முடிந்துபோகும் நிரல்கள் கணினியின் செயலியை, அதாவது ப்ராசஸரை, எவ்வளவு நேரம் உழைக்கவைத்தன என்று கணக்கு வைக்கும் வரிகள் அவை. அமெரிக்காவின் டூலூத் நகரத்தில் ஆர்விட்டின் பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் கணினி ரிப்பேர் செய்பவர் என்று நினைப்பு. ஆர்விட் அதைத் திருத்தியதில்லை. இரண்டு தடவை அவருடைய பிரிண்டரைச் சரிசெய்தும் கொடுத்திருக்கிறார்.

ஒரு நிரல் பல இழைகளாகப் பிரிந்து வேலை செய்யும். ஓர் இழை முடியும்போது இரண்டு காரியம் நடக்க வேண்டும். அது செலவழித்த நேரத்தை, செத்துப்போன இழைகளின் மொத்தத்தில் கூட்ட வேண்டும். உயிரோடிருக்கும் இழைகளின் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட வேண்டும். கூட்டியாகிவிட்டது, இன்னும் எடுக்கவில்லை என்கிற அந்த இடுக்கில் யாராவது வந்து மொத்தம் எவ்வளவு என்று கேட்டால், அந்த இழை செத்தவர்களோடும் இருக்கும், இருப்பவர்களோடும் இருக்கும். அதன் நேரம் இருமுறை எண்ணப்படும். மறுகணம் கேட்டால் மொத்தம் குறைந்திருக்கும். காலம் பின்னால் நடந்தது போலாகிவிடும். அப்படி ஆகக்கூடாது என்பதற்காகப் பழைய வரிகள் இரண்டு காரியத்தையும் ஒரே பூட்டுக்குள் வைத்திருந்தன. பெரிய இயந்திரங்களில் ஆயிரக்கணக்கான இழைகள் ஒன்றாகச் சாகும்போது அந்தப் பூட்டின் முன்னால் வரிசை நின்றது. டேல் எழுதிய திருத்தம் பூட்டை அகற்றிவிட்டு, இலேசான வேறோர் ஏற்பாட்டை வைத்தது. அதை எழுத ஒரு வருடமாயிற்று. மூன்று முறை அனுப்பினான். மூன்று முறையும் ஆர்விட், எல்லோரும் படிக்கும் பொது அஞ்சல் பட்டியலில், இல்லை என்று பதில் எழுதினார். முன்பின் தெரியாத ஆளுக்கு எழுதும் பதிலைவிடத் தம்பிக்கு எழுதுவது ஒரு வரி குறைவாகவே இருக்கும்.

இது நான்காவது.

"தூங்கிட்டியா?" என்றான் டேல்.

"படிச்சுட்டிருக்கேன்."

"கண்ணை மூடிட்டா?"

"உன் எழுத்தை அப்படித்தான் படிக்கணும். பார்த்தா கோவம் வரும்."

துவைத்த துணிக்கூடையோடு வாசலில் வந்து நின்ற மார்லிஸ் சிரித்தாள். முப்பத்தாறு வருடம் ஆர்விட்டோடு குடும்பம் நடத்தியவள். "காலையிலேர்ந்து இதே சண்டையா?" என்றாள்.

"உன் கல்லறைக் கல்லுல 'இல்லை'ன்னு ஒரே ஒரு வார்த்தை வெட்டச் சொல்லப்போறேன்," என்று அண்ணனிடம் சொன்னான் டேல்.

"நீ வெட்டாத." ஆர்விட் மூச்சு எடுத்துக்கொள்ள நிறுத்தினார். "பிழை வரும்."

மார்லிஸ் துணிகளை மடித்து அலமாரியில் அடுக்கினாள். இனி அவர் போடப்போவதில்லை என்று தெரிந்த கம்பளிக் காலுறைகளையும் ஜோடி சேர்த்துச் சுருட்டி வைத்தாள். அவள் போன பிறகு ஆர்விட் கண்ணைத் திறந்தார்.

"கீழ மிஷின்ல ஓட்டினியா?"

அவருடைய கட்டிலுக்கு நேர் கீழே, வீட்டின் கீழ்த்தளத்தில், இடுப்பளவு உயரமுள்ள பழைய இயந்திரம் ஒன்று இருந்தது. மூடப்பட்ட ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து ஆர்விட் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தது. சாதாரண இயந்திரங்கள் நாம் எழுதிய வரிசையிலேயே காரியங்களைச் செய்ததாகக் காட்டிக்கொள்ளும். இது அப்படியில்லை. கூட்டு, பிறகு எடு என்று எழுதியிருந்தாலும், இன்னொரு மூலையிலிருந்து பார்க்கும் செயலிக்கு அது வரிசை மாறித் தெரியக்கூடும். மற்ற எல்லா இயந்திரங்களிலும் வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும் பிழை இதில் சில மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். சாகும் இழைகளின் கணக்கைத் தொடும் எந்தத் திருத்தமும் இதில் மூன்று பகல் மூன்று இரவு ஓட வேண்டும் என்பது ஆர்விட்டின் சட்டம். ஓட்டத்தின் முடிவில் திரையில் ஓர் எண் இருக்கும். காலம் எத்தனை தடவை பின்னோக்கிப் போனது என்கிற எண்.

டேல் திங்கட்கிழமை இரவு அதை ஓடவிட்டிருந்தான். செவ்வாய்க்கிழமை காலை மார்லிஸ் படியில் பாதி இறங்கி வந்து நின்றாள். அந்த இயந்திரத்தின் விசிறிகள் தரையைத் துளைத்துக்கொண்டு மேலே கேட்கும்; தரையும் அதிரும். "பத்தொன்பது வருஷமா இந்தச் சத்தத்தோட இருந்துட்டேன், டேல்," என்றாள். "அவர் போற நேரத்திலயாவது இந்த வீடு சும்மா இருக்கட்டும்." டேல் அணைத்துவிட்டான். பதினொரு மணி நேரம் ஓடியிருந்தது. எண் பூஜ்யத்தில் இருந்தது. இன்று வியாழன்.

"ஓட்டினேன்," என்றான் டேல்.

"எவ்வளவு நேரம்?"

"மூணு நாளும்."

"பின்னோக்கி?"

"பூஜ்யம்."

அண்ணனின் மூச்சு தொண்டையில் எங்கோ தட்டித் தட்டிப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பொய்யை அவருடைய நிம்மதிக்காகச் சொன்னானா, தனக்காகச் சொன்னானா என்று டேல் அந்த நேரத்தில் கேட்டுக்கொள்ளவில்லை. ஆர்விட் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். கன்னம் ஒட்டிப்போன முகத்தில் கண்கள் மட்டும் பழைய அளவில் இருந்தன. அந்தப் பார்வை நீண்டது. டேல் மடிக்கணினித் திரையைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டான்.

"அப்ப என் பேரைப் போடு," என்றார் ஆர்விட்.

திருத்தம் ஒன்று உள்ளே போக வேண்டுமானால், அதை வரிவரியாகப் படித்த ஒருவர் தன் பெயரைத் தர வேண்டும். "பார்த்து ஒப்புக்கொண்டவர்" என்று ஒரு வரி, அதன் பக்கத்தில் பெயர். அந்த வரலாறு இருக்கும்வரை அந்தப் பெயரும் இருக்கும். உள்ளே போனபிறகு யாராலும் அழிக்க முடியாது. பெயரை உரியவர்தான் தர வேண்டும். எழுதியவன் தானாக எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்களில் ஆர்விட்டின் பெயர் இருந்தது. டேல் எழுதிய ஒன்றிலும் இல்லை.

"நீதான் அனுப்பணும்," என்றான் டேல். "நான் அனுப்பினா செல்லாது."

"தெரியும். அந்தச் சட்டத்துக்காகச் சண்டை போட்டவனே நான்தான்."

ஆர்விட்டின் சொந்த மடிக்கணினியை எடுத்து அவருடைய வயிற்றின் மேல், போர்வைமீது வைத்தான் டேல். அவர் சொல்ல அவன் தட்டினான். ஒரே ஒரு வரி. பிறகு அண்ணனின் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்தி விசைப்பலகைக்குக் கொண்டுபோனான். குளிர்ந்த கை, அந்த உடம்புக்கு எதிர்பாராத கனம். ஆர்விட்டின் விரல் ஒருமுறை வழுக்கியது. இரண்டாவது தடவை அழுத்தினார். பதினொன்று ஐம்பத்திரண்டுக்குக் கடிதம் போயிற்று.

"போச்சா?"

"போயிருச்சு."

"சரி." ஆர்விட் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து, "வீடு அமைதியா இருக்கு," என்றார்.

அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை.

*

இரண்டு பத்துக்கு மூச்சு நின்றது. முதலில் அது இன்னொரு இடைவெளி என்றே இருவரும் நினைத்தார்கள். இரண்டு நாளாகவே மூச்சுகளுக்கு நடுவில் நீளமான இடைவெளிகள் வந்துகொண்டிருந்தன. மார்லிஸ் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு. டேல் எழுந்து ஹீட்டரைக் குறைத்துவிட்டு, எதற்குக் குறைத்தோம் என்று தெரியாமல் மறுபடி கூட்டினான்.

"போயிட்டார்," என்றாள் மார்லிஸ்.

கடைசிக் காலப் பராமரிப்பு நர்ஸ் ஜோலீன் நாற்பது மைல் தள்ளி இன்னொரு வீட்டில் இருந்தாள். சாலையெல்லாம் பனிக்கண்ணாடி. அவள் வந்து பூட்ஸைக் கழற்றி வாசல் தட்டில் வைத்து, கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு அறைக்குள் நுழைந்தாள். ஆர்விட்டின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கையில் கடிகாரத்தைப் பிடித்தபடி முழுதாக ஒரு நிமிடம் நின்றாள். இறந்தவரின் முன்னால் அவள் காட்டிய அந்த நிதானம் டேலுக்குப் பிடித்திருந்தது. பிறகு சமையலறை மேஜையில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தாள்.

"இறந்த நேரம் ரெண்டு அம்பத்தேழு," என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"ரெண்டு பத்து," என்றாள் மார்லிஸ்.

"தெரியும்மா. நீங்க போன்லயே சொன்னீங்க. நான் பார்த்த நேரத்தைத்தான் எழுத முடியும்."

"நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"சட்டம் அப்படி, மிஸஸ் கெட்டோலா. நான் வந்து பார்க்கிறவரைக்கும் தாள்ல அவர் உயிரோட இருக்காரு."

மார்லிஸ் அடுப்புப் பக்கம் திரும்பினாள். காப்பி வேண்டுமா என்று கேட்டாள். டேல் ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். நாற்பத்தேழு நிமிடம் என்று அவன் மனம் தானாகக் கழித்துப் பார்த்தது. உள்ளே கிடந்த உடம்பு போய்விட்டவர்களோடும் இருந்தது, இருப்பவர்களோடும் இருந்தது. இதைச் சொன்னால் ஆர்விட் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரிப்பார் என்று நினைத்து, சொல்வதற்காகவே அறைப் பக்கம் திரும்பி, நின்றுகொண்டான்.

*

அடக்க ஆராதனை திங்கட்கிழமை பதினொரு மணிக்கு. அதற்குள் வாடகைக் கட்டிலைக் கொடுத்த கடைக்காரர்கள் வந்து அதைப் பிரித்து எடுத்துப் போய்விட்டார்கள். படுக்கையறைக் கம்பளத்தில் நான்கு சக்கரக் குழிகள் மட்டும் இருந்தன.

யார்மிலாவின் கடிதம் சனிக்கிழமை வந்திருந்தது. செக் நாட்டில், ப்ர்னோ நகரத்தில் இருப்பவள். கர்னலின் அந்தப் பகுதிக்கு வரும் திருத்தங்களைத் திரட்டி மேலே அனுப்புவது அவள் பொறுப்பு. ஆர்விட்டோடு பதினேழு வருடம் கடிதத்தில் சண்டை போட்டவள். இரண்டே முறை நேரில் பார்த்திருக்கிறாள். "டேல், உன் நான்காவது பதிப்பை எடுத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை மாலை மேலே அனுப்புகிறேன். ஆர்விட் தன் பெயரை எளிதில் கொடுக்கிறவர் அல்ல. கடைசியாக அவர் கொடுத்தது உனக்கு என்பது எங்கள் எல்லோருக்கும் ஆறுதலாக இருக்கிறது," என்று எழுதியிருந்தாள். அதன் கீழே எங்கெங்கிருந்தோ அறுபது, எழுபது பேர் இரண்டு வரி, மூன்று வரி எழுதியிருந்தார்கள். டேல் அதை எத்தனை தடவை படித்தான் என்று அவனுக்கே தெரியாது. மார்லிஸுக்கும் அனுப்பினான். அவள் அச்சடித்துப் பாதிரியாரிடம் கொடுத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு டேல் சமையலறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். மார்லிஸ் கறுப்பு உடையில், காலில் வீட்டுச் செருப்போடு, ஏலக்காய் ரொட்டியைத் துண்டு போட்டு டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"குழி மே மாசம்தானாம்," என்றாள். "இடுகாட்டுல சொல்லிட்டாங்க. மண்ணு நாலடிக்கு உறைஞ்சு கிடக்காம். அதுவரைக்கும் அங்க கல்லறைக் கட்டடத்துல வச்சிருப்பாங்க."

"அம்மாவுக்கும் அப்படித்தானே."

"வரிசையில நிக்கிறதே அவருக்குப் பிடிக்காது." கத்தியைத் துடைத்தாள். "ஒண்ணு உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். கோவிச்சுக்காத. அந்த மிஷினை நிறுத்தச் சொன்னேன்ல, அது எனக்கு உறுத்திட்டே இருக்கு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"அவருக்கு அது பிடிச்சிருந்திருக்கு. நான்தான் கவனிக்கல. செவ்வாய்க்கிழமை நீ அணைச்சு ஒரு மணி நேரம் ஆகியிருக்காது, 'சத்தம் எங்க'ன்னு கேட்டார். 'நான்தான் டேல்கிட்ட சொல்லி நிறுத்தினேன்'னேன். ஒண்ணும் சொல்லல. புதன்கிழமையும் கேட்டார், இன்னும் ஓடலையான்னு. இல்லைன்னேன்."

டேலின் கையில் இஸ்திரிப்பெட்டி நின்றது.

"புதன்கிழமையா?"

"சாயங்காலம். மருந்து குடுத்தப்ப. 'சரி'ன்னார்." அவனைப் பார்த்து, "கருகப்போகுது, எடு," என்றாள்.

அவன் எடுத்தான். சட்டையின் தோள்பட்டையில் வெளிர்பழுப்பாக ஒரு முனை பதிந்திருந்தது. கோட்டுக்குள் மறைந்துவிடும். அவன் சட்டையை நாற்காலியில் போட்டுவிட்டு பனியனோடு கீழ்த்தளத்துக்கு இறங்கினான்.

புதன்கிழமை சாயங்காலமே அவருக்குத் தெரியும். வியாழக்கிழமை காலை அவனிடம் கேட்கிறார், ஓட்டினியா என்று. எவ்வளவு நேரம் என்று. பின்னோக்கி எத்தனை என்று. ஒவ்வொரு கேள்விக்கும் அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். மூன்றையும் வாங்கிக்கொண்டு, பிறகு பெயரைக் கொடுத்திருக்கிறார்.

டேல் இயந்திரத்தின் விசையைப் போட்டான். விசிறிகள் முனகி, ஏறி, ஒரே சுருதியில் நின்றன. மேலே நடந்துகொண்டிருந்த மார்லிஸின் காலடி ஓரிடத்தில் நின்றது. பிறகு நடந்தது. நான்காவது பதிப்பை ஏற்றி ஓடவிட்டான். எட்டு பதினைந்து. திரையின் மூலையில் பூஜ்யம்.

*

தேவாலயத்தில் நூற்றுப் பத்து பேர் இருந்தார்கள். ஆர்விட்டுக்கு இத்தனை பேரைத் தெரியுமா என்று மார்லிஸ் இரண்டு தடவை ஆச்சரியப்பட்டாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டேலுக்குப் பாட்டுப் புத்தகத்தின் எழுத்துகள் ஓடின. அவனுக்குக் கீழே தரை அதிராமல் இருப்பதே விநோதமாக இருந்தது.

பாதிரியார், ஐம்பது வயதுப் பெண்மணி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசினார். "ஆர்விட் என்ன வேலை பார்த்தாருன்னு எனக்குக் கடைசிவரைக்கும் புரியல. ஒரு தடவை கேட்டேன். 'செத்துப்போனதுங்க எவ்வளவு உழைச்சதுன்னு எழுதி வைக்கிறேன்'னாரு. 'அட, நானும் அதானே'ன்னேன்." ஜனங்கள் சிரித்தார்கள். பிறகு யார்மிலாவின் கடிதத்தைப் படித்தார். கடைசியாக அவர் கொடுத்தது உனக்கு என்ற இடம் வந்தபோது பின்னாலிருந்து யாரோ டேலின் தோளைத் தொட்டு அழுத்தினார்கள். சட்டை கருகிய அதே இடம். மார்லிஸ் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவளுடைய முகத்தில் ஐந்து நாளுக்குப் பிறகு களை திரும்பியிருந்தது.

ஆராதனை முடிந்து தேவாலயத்தின் அடித்தளத்தில் சாப்பாடு. பன்றித்தொடை வைத்த பன்கள், காட்டரிசியும் காளானும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ், எலுமிச்சை இனிப்புத் துண்டங்கள், பெரிய கொதிகலத்தில் நீர்த்த காப்பி. டேல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்து வீட்டுக்காரர் வந்தார்.

"நீயும் அதே ரிப்பேர் வேலைதானாமே."

"அதே வேலைதான்."

"அண்ணன் உன்னைப் பத்தி நல்லா சொல்வாரு."

"என்ன சொல்வாரு?"

அவர் யோசித்தார். "அதிகமா ஒண்ணும் சொன்னதில்ல," என்றார். "அவரு அப்படித்தானே."

மணி ஒன்றரை. பிறகு இரண்டு பத்து. டேல் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றான். சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவும் பெண்களிடமிருந்து ஒரு துண்டைப் பிடுங்கித் துடைக்க ஆரம்பித்தான். அவர்கள் அவனை விரட்டவில்லை.

*

வீடு திரும்பும்போது மூன்றரை. கார் கதவைத் திறந்ததுமே அந்தச் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது.  டேல் கோட்டோடு, பூட்ஸோடு கீழே போனான். படிகளில் பனி உருகிச் சொட்டியது.

திரையின் மூலையில் ஒன்று என்று இருந்தது.

அவன் குனிந்து பார்த்தான். பதினொரு மணி நேரத்தில் வராதது அன்று ஏழாவது மணி நேரத்தில் வந்திருந்தது. இரண்டு ஐம்பத்தொன்றுக்கு ஓர் இழை செத்தது. அது கூட்டப்பட்டுவிட்டது, எடுக்கப்படவில்லை. அந்த இடுக்கில் வேறொரு செயலி வந்து மொத்தத்தைக் கேட்டிருக்கிறது. நாற்பத்தோராவது வரி. ஆர்விட் விரலைத் தூக்கிய வரி.

சரிசெய்ய ஒரே ஒரு வரி போதும். அது என்ன என்றுகூட டேலுக்கு நின்ற நிலையிலேயே தெரிந்துவிட்டது. நான்காவது பதிப்பு நாளை மேலே போகட்டும் என்று விட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்துச் சின்னத் திருத்தமாக அனுப்பினால் யாரும் புருவம் தூக்க மாட்டார்கள். தினமும் நடக்கிற விஷயம். பெயர் அப்படியே இருக்கும். தம்பியின் நிரலுக்கு அண்ணன் கொடுத்த ஒரே ஒப்புதல், இந்த உலகத்தில் கணினி இருக்கும்வரை. அடுத்த வருடம் எவனாவது பழைய வரலாற்றைப் புரட்டும்போது, கெட்டோலா இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டாரே, பாவம் கடைசி நாள் என்று நினைத்துக்கொள்வான். அவ்வளவுதான்.

மார்லிஸ் படியில் பாதி இறங்கி வந்து நின்றாள். அதே படி.

"என்ன ஆச்சு?"

"தப்பு இருக்கு. நான் எழுதினதுல." திரும்பாமலே சொன்னான். "அவர் பேரை எடுத்துடணும், மார்லிஸ்."

விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"இன்னைக்குத்தானே எல்லாருக்கும் படிச்சுக் காட்டினாங்க," என்றாள்.

"ஆமா."

"அவர் கைதானே அழுத்துச்சு. நீ சொன்னியே."

"என் கை கீழ இருந்துச்சு. மூணு நாள் ஓட்டினேன்னு அவர்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கணக்குப் போடுவது அவள் முகத்தில் தெரிந்தது: செவ்வாய், புதன், வியாழன்.

"ஆனா அவருக்குத்தான் தெரியுமே," என்றாள் மெல்ல. "தெரிஞ்சேதானே குடுத்திருக்கார்."

"அதனாலதான். எனக்காக அவர் சட்டத்தையே மீறியிருக்கார்."

அவள் கைப்பிடியை விட்டாள். பிறகு மேலே போய்விட்டாள். கதவை மூடவில்லை.

டேல் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து எழுதினான். "யார்மிலா, நான்காவது பதிப்பை மேலே அனுப்ப வேண்டாம். நாற்பத்தோராவது வரியில் பிழை இருக்கிறது. சோதனைப் பதிவு இத்துடன் இருக்கிறது. மூன்று நாள் சோதனை முடிந்ததாக ஆர்விட்டிடம் நான் சொன்னேன். முடியவில்லை. அதை நம்பிக் கொடுக்கப்பட்ட ஒப்புதல் அது. தயவுசெய்து அவருடைய பெயரை நீக்கிவிடு. தவறு முழுக்க என்னுடையது." 'அதை நம்பி' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் தயங்கினான். அழித்தான். "அதன்பேரில்" என்று மாற்றினான். பொதுப் பட்டியலுக்கும் சேர்த்து முகவரியிட்டு, தன் கையாலேயே அழுத்தினான். நான்கு பதினெட்டு.

பதில் வரக் காத்திருக்கவில்லை. எழுந்து இயந்திரத்தின் பின்னால் போய் விசையில் விரலை வைத்தான்.

"அத அணைக்காத," என்றது மேலிருந்து மார்லிஸின் குரல்.

டேல் கையை எடுத்துக்கொண்டான். அந்த ஒரு வரியைச் சேர்த்து ஐந்தாவது பதிப்பாக ஏற்றினான். ஓடவிட்டான். மூலையில் எண் பூஜ்யத்துக்குத் திரும்பியது. விசிறிகளின் சுருதி ஒரு கணம் தாழ்ந்து மறுபடி ஏறியது.

மேலே போனபோது சமையலறையில் அவள் இல்லை. ரொட்டி டப்பா திறந்தபடி மேஜையில் இருந்தது. படுக்கையறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. சமையலறை நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய், கம்பளத்தில் நான்கு குழிகளுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்திருந்தாள் மார்லிஸ். கறுப்புக் காலணிகளையும் காலுறைகளையும் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். இரண்டு உள்ளங்கால்களும் அதிரும் தரையில் அழுந்தப் பதிந்திருந்தன.